மௌனம் சாதிக்கும் இயந்திரம்

பாயை நம்பிக் கடலேறுகின்றவனுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்பார் உளர். கரையில் நின்று நோக்குவோருக்கு அக்கேள்வி நியாயமானதாகவே தோன்றும். விரிந்த வெண்பாயும், அதனைப் புடைக்கச் செய்யும் காற்றும், அலையைக் கிழித்துச் செல்லும் அணியமும் இருக்கையில், எண்ணெய் மணமும் இரைச்சலும் மிகுந்த ஓர் இரும்புப் பொருளை அப்படகின் வயிற்றினுள் ஏன் அடைத்து வைத்தல் வேண்டும்?

இதற்கு விடை துறைமுக வாயிலில் இருக்கின்றது. நடுக்கடலில் காற்று ஓய்ந்தால் படகு காத்திருக்கலாம். ஒரு பகலோ ஓர் இரவோ கழிந்தபின் மீண்டும் காற்று எழும். ஆனால், ஒரு புறம் அலைதாங்கியும் மறுபுறம் பாறையும் இருக்க, நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் குறுகிய வாயிலில் எவரும் காற்றுக்காகக் காத்திருத்தல் இயலாது. ஆகவேதான் நெடுந்தூரம் செல்லும் சிறு பாய்ப்படகுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு டீசல் இயந்திரம் துணையாக வைக்கப்படுகின்றது. 30 அடி நீளமுள்ள படகொன்றுக்கு 15 அல்லது 20 குதிரைவலு போதுமானது. வாடை வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து, காலியிலும் திருகோணமலையிலும் தங்கி, மேற்கு நோக்கிச் செல்லும் பிறநாட்டுப் படகுகளைக் கண்டோர் இதனை அறிவர். கடல் முழுவதும் பாயினால் ஓடிவந்த படகு, துறையை நெருங்கியதும் பாயைச் சுருட்டிவிட்டு, மெல்லிய இரைச்சலுடன் உள்ளே நுழையும்.

அந்த மெல்லிய இரைச்சல் ஒருநாள் கேளாமற் போகின்றது. திறப்பைத் திருப்புகின்றார்கள், பதில் இல்லை. மீண்டும் திருப்புகின்றார்கள், இயந்திரம் சுழல்கின்றது, ஆயின் உயிர் பெறவில்லை. இவ்வாறு நேரும்போது படகோட்டியின் மனத்திலே தோன்றுவது ஒரே ஆசை: இன்னும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம் என்பது. அந்த ஆசையே பகை. டீசல் இயந்திரம் தொடங்க மறுப்பதற்கான காரணங்கள் மிகச் சில. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு ஸ்பானரையும் ஒரு துண்டுத் துணியையும் கொண்டு நீக்கத்தக்கவை. அச்சிறு குறையைப் பெருங்கேடாக மாற்றுவது அவசரம். எங்ஙனம் என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலிலே படகு

இயந்திரம் நின்றவுடன் அதன் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே நுழைப்பது இயல்பு. அனுபவமுள்ள மாலுமி அவ்வாறு செய்யான். அவன் முதலில் தலையை உயர்த்திச் சுற்றுமுற்றும் பார்ப்பான். கரை எவ்வளவு தூரம்? காற்று எங்கிருந்து வருகின்றது? நீரோட்டம் எத்திசையில் இழுக்கின்றது? காற்றுச் சிறிதேனும் இருப்பின் பாயை ஏற்றிப் படகை ஆழ்கடற்பக்கம் திருப்பலாம். காற்று இல்லையாயின், ஆழம் இடந்தருமாயின், நங்கூரத்தை இறக்கலாம்.

துறையை நெருங்கும்போதே பாயை உறையிட்டுக் கட்டிவிடுதலும், நங்கூரத்தைச் சங்கிலியுடன் பெட்டிக்குள் பூட்டி வைத்தலும் தவறு என்று பழைய மாலுமிகள் சொல்வது இதனாலேயே. இயந்திரம் தொடங்காதபோது படகோட்டிக்கு மிகவும் வேண்டப்படுவது நேரம். நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு நேரம் உண்டு. பாறையை நோக்கி ஒழுகும் படகுக்கு அது இல்லை. நேரம் கிடைத்தபின்பே சிந்தனை பிறக்கும்.

டீசல் பட்ட பாடு

இவ்வியந்திரத்தின் இயல்பை அறிந்தால் அதன் பிடிவாதத்தின் காரணமும் விளங்கும். இதனை ஆக்கிய ருடொல்ஃப் டீசல் 1858இல் பாரிஸ் நகரில் ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வளியை மிகுந்த அமுக்கத்துக்கு உட்படுத்தினால் அது தானே கொதிப்பேறும். அவ்வாறு கொதிக்கும் வளியினுள் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். இதுவே அவருடைய எண்ணம். 1893இல் அதற்கு ஜேர்மன் உரிமைப்பத்திரமும் கிடைத்தது.

எண்ணம் எளிது; இயந்திரம் எளிதாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவுக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையில் நடந்த முதற் சோதனையில் எரிபொருள் பற்றியது. ஆனால் அமுக்கத்தை அளக்கப் பொருத்திய கருவி வெடித்துச் சிதறியது. இயந்திரம் தானாக ஓடவில்லை. டீசல் அதனைத் திருத்தி அமைத்தார். 1894 பெப்ரவரியில் அது ஏறக்குறைய ஒரு நிமிடம் தன்வலுவில் ஓடியது. பின்னரும் பல மாற்றங்கள் செய்தபின், 1897 பெப்ரவரியில், பேராசிரியர் மோரிட்ஸ் ஷுரோட்டர் நடத்திய சோதனையிலேதான் அது வெற்றி கண்டது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியது. நீராவி இயந்திரங்களிற் பெரும்பாலானவை நூற்றுக்குப் பத்துப் பங்கையும் எட்டாதிருந்த காலம் அது.

ஆகவே, தொடங்க மறுத்த முதல் டீசல் இயந்திரம் டீசலுடைய இயந்திரமே எனலாம். 1893 முதல் 1897 வரை நான்கு ஆண்டுகளாக அவர் செய்தது, ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஏன் மறுத்தது என்று ஆராய்ந்து ஒவ்வொரு குறையாக நீக்கியதே.

கடலும் இவ்வியந்திரத்தை விரைவில் ஏற்றுக்கொண்டது. தென்துருவத்துக்குச் செல்ல அமுண்ட்சென் கொண்டுசென்ற பிராம் என்னும் பாய்க்கப்பலில், 1910இல் நீராவி இயந்திரம் அகற்றப்பட்டு டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. டீசலின் முடிவும் கடலிலேயே நேர்ந்தது. 1913 செப்டெம்பர் 29ஆம் நாள் இரவு, அந்துவேர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச் துறைக்குச் சென்ற திரெஸ்டென் என்னும் கப்பலிலிருந்து அவர் மறைந்து போனார். அவரது இயந்திரமோ வளர்ந்தது. 1927இல் போஷ் நிறுவனம் எரிபொருளை உட்செலுத்தும் பம்பியைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியதும், டீசல் இயந்திரம் சிறிதாவதற்கு வழி பிறந்தது. 1933இல் ஜப்பானில் யமஓகா மகோகிச்சி உருவாக்கிய சிறு டீசல் இயந்திரத்தின் பரம்பரையை, யன்மார் என்னும் பெயரால் நம் மீனவர்கள் நன்கு அறிவர்.

பெற்றோல் இயந்திரத்திலும் இது படகுக்கு ஏற்றது. பெற்றோலின் ஆவி வளியினும் பாரமானது; கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும்; ஒரு சிறு பொறியில் படகே வெடிக்கும். டீசல் எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் அவ்வாறு எளிதில் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுவதில்லை.

மூன்று தேவைகள்

பிஸ்டன் என்று பட்டறைகளில் வழங்கும் முசலம், உருளைக்குள் மேலேறி, அங்குள்ள வளியை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருக்குகின்றது. அச்சுருக்கத்தால் வளியின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கின்றது. அவ்வேளையில் நொசில் என்னும் சிறு துளைமுகம் டீசலைப் பனித்துகள்போற் பீச்சுகின்றது. வெப்ப வளியிற் பட்டதும் அது எரிந்து முசலத்தைக் கீழே தள்ளுகின்றது.

இதிலே மின்பொறி இல்லை. பெற்றோல் இயந்திரத்தில் தொல்லை தரும் பிளக்குகளும் மின்சுருள்களும் இல்லை. வேண்டுவன மூன்றே: தூய வளி, தூய எரிபொருள், போதிய வேகத்துடன் சுழலுவதாற் பிறக்கும் வெப்பம். இம்மூன்றும் இருந்தால் இயந்திரம் ஓடியே தீரும். ஓடவில்லையாயின் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்பதை இயந்திரமே தன் ஒலியாலும் புகையாலும் சொல்லிவிடும். கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

சுழல்கின்றதா?

கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. திறப்பைத் திருப்பும்போது முழு அமைதி நிலவினால், மின்சாரம் எங்கோ தடைப்பட்டிருக்கின்றது. முதலில் மிக எளியவற்றைப் பார்த்தல் வேண்டும். பற்றறியின் முதன்மை ஆளி மூடியிருக்கின்றதா? கியர் நெம்பு நடுநிலையில் உள்ளதா? கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழலவிடாத காப்பு ஆளி சில படகுகளில் உண்டு.

"டிக்" என்ற ஓரொலி மட்டும் கேட்டால், கட்டளை போய்ச் சேர்ந்தது, ஆனால் வலு போதவில்லை என்பது பொருள். பற்றறி களைத்திருக்கலாம். முழுமையாக ஏற்றப்பட்ட 12 வோல்ற்றுப் பற்றறி ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.7 வோல்ற்றுக் காட்டும், 12.2 காட்டினால் பாதிதான் எஞ்சியுள்ளது. பற்றறி நன்றாக இருந்தும் ஒலி மட்டும் கேட்டால் முனைகளை நோக்குக. கடற்காற்றில் உள்ள உப்பு, செம்பையும் ஈயத்தையும் அரித்துப் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். அம்முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பல இயந்திரங்கள் உடனே விழித்துக்கொள்ளும். எந்த முனை குற்றவாளி என்று அறிய ஓர் எளிய வழியும் உண்டு: சிறிதுநேரம் ஸ்டார்ட்டரை இயக்கியபின் முனைகளைக் கையால் தொட்டுப் பார்த்தால், சூடாக இருப்பதே மின்னோட்டத்தைத் தடுக்கும் முனை.

மெல்ல மெல்லச் சுழன்று சோர்ந்து போவதும் மின்குறையே. வேகமின்றிச் சுழலும் இயந்திரத்தில், சுருங்கிய வளியின் வெப்பம் உருளையின் குளிர்ந்த சுவருக்குப் போய்விடும், எரிபொருள் பற்றாது. அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பு சில இயந்திரங்களின் தலையில் இருக்கும். அதனை உயர்த்திவிட்டு, இயந்திரத்தைத் தடையின்றி வேகமாகச் சுழலவைத்து, பின் நெம்பைத் தாழ்த்தினால், களைத்த பற்றறியும் தன் காரியத்தை முடித்துவிடும்.

ஸ்டார்ட்டரை ஒருமுறைக்குப் பத்துச் செக்கன் அளவுக்கு மேல் இயக்கலாகாது. அதன் சுருள்கள் விரைவில் சூடேறும். இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடுதல் வேண்டும்.

திடீரென முட்டி நின்றுவிடும் இயந்திரம் வேறு வகை. சற்றே அசைந்து, எதன் மீதோ இடித்தாற்போல் "தொம்" என்று அது நின்றால், அந்தக் கணமே கையை எடுத்துவிடல் வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

புகை உண்டா?

இயந்திரம் நன்றாகச் சுழல்கின்றது, ஆனால் தொடங்கவில்லை. இப்போது ஒருவர் படகின் பின்புறம் சென்று புகைவாயைப் பார்த்தல் வேண்டும்.

புகையே இல்லையாயின் எரிபொருள் உருளையைச் சென்றடையவில்லை. இங்கும் எளியதே முதலில். இயந்திரத்தை நிறுத்துவதற்காக இழுக்கும் நெம்பு, முதல்நாள் மாலை இழுத்தபடியே கிடக்கலாம். மிகத் தேர்ந்த மாலுமிகளும் வெட்கத்துடன் காணும் காரணம் இது. அடுத்து, தாங்கியில் எண்ணெய் உண்டா? அளவுகாட்டியை நம்பாமல் ஒரு கோலை விட்டுப் பார்ப்பது நன்று. தாங்கியின் அடைப்பான் திறந்துள்ளதா?

இவை யாவும் சரியாக இருந்தால் வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பாதி நிறைந்த தாங்கியில் உள்ள வெறுமையிலே ஈரவளி நுழைகின்றது. இரவில் அது குளிர்ந்து நீராகி அடியில் இறங்குகின்றது. அந்நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வாழ்ந்து பெருகி, கரிய பாசி போன்ற ஒரு வழுவழுப்பான படலத்தை ஆக்குகின்றன. படகு அமைதியாகத் துறையில் நிற்கும் வரை அப்படலம் தாங்கியின் அடியிலேயே படிந்து கிடக்கும். புயலில் படகு உருளும்போது அது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைக்கும். துறையில் மாதக்கணக்காக நன்றாக ஓடிய இயந்திரம், கடல் கொந்தளித்து அது மிகவும் தேவைப்படும் வேளையிலேயே நின்றுவிடுவதன் இரகசியம் இதுவே. மாலுமிகள் இதனை விதியின் மேல் ஏற்றிப் பேசுவதுண்டு. இதற்கு விதி பொறுப்பன்று.

குமிழியை வெளியேற்றல்

வடிகட்டியை மாற்றியபின்னும் இயந்திரம் உடனே ஓடாது. எரிபொருட் பாதையில் வளி புகுந்திருக்கும். உட்செலுத்தும் பம்பி, நொசிலைத் திறப்பதற்கு வளிமண்டல அமுக்கத்தைப்போல் 150 முதல் 200 மடங்கு அமுக்கத்தைத் திரட்ட வேண்டும். திரவம் சுருங்காது, ஆதலால் அது அவ்வமுக்கத்தை நேரே நொசிலுக்குக் கொண்டுசெல்லும். வளியோ பஞ்சுபோல் அமுங்கி அமுங்கி விரியும். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய குமிழி ஒன்று போதும், பெரிய இரும்பு இயந்திரத்தை ஊமையாக்க.

அதனை வெளியேற்றும் முறை வருமாறு. தாங்கியிலிருந்து தொடங்கி இயந்திரத்தை நோக்கிச் செல்லல் வேண்டும். இடையில் எதனையும் தாண்டலாகாது. முதல் வடிகட்டியின் தலையில் உள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, ஊட்டுப் பம்பியின் சிறு நெம்பைக் கையால் அசைக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். பின்னர்த் தெளிந்த எண்ணெய் வரும். தெளிந்ததும் திருகாணியை இறுக்குக. இயந்திரத்தின் மீதுள்ள இரண்டாம் வடிகட்டியிலும், உட்செலுத்தும் பம்பியிலும் இதையே செய்க. ஊட்டுப் பம்பியின் நெம்பு அசைந்தும் எண்ணெய் வராவிடில் பம்பி பழுதென்று முடிவு கட்டுதல் வேண்டா. அதனை உள்ளிருந்து இயக்கும் புடைப்பு மேல்நிலையில் நின்றுவிட்டிருக்கும்; இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டால் நெம்பு மீண்டும் வேலை செய்யும்.

இறுதியாக நொசில்களின் மீதுள்ள சுரைகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரை இயக்குக. எண்ணெய் துளித்துளியாகத் தெறிக்கும்போது சுரைகளை இறுக்கினால், பெரும்பாலும் அடுத்த முயற்சியில் இயந்திரம் இருமிக்கொண்டு எழும். தெறிக்கும் எண்ணெயின் பாதையில் விரலை வைத்தல் பெருந்தவறு. அவ்வமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் புகவல்லது. அத்தகைய காயத்துக்கு உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும்.

வெண்புகை

பின்புறத்தில் வெண்புகை எழுமாயின் செய்தி வேறு. எரிபொருள் உருளையை அடைகின்றது. ஆனால் எரியாமல் ஆவியாகவே வெளிவருகின்றது. வெப்பம் போதவில்லை என்பதே பொருள். குளோ பிளக் என்னும் சூடேற்றி பொருத்திய இயந்திரமாயின், அதற்குப் பதினைந்து இருபது செக்கன் நேரம் கொடுத்து மீண்டும் முயலலாம். சுழற்சி மந்தமாயின் பற்றறியைக் கவனிக்கலாம். உருளைகள் தேய்ந்த பழைய இயந்திரத்தில், வளி போகும் வழியில் ஒரு சிறு கரண்டி எண்ணெயை விட்டு முசலத்தின் இடைவெளியை அடைப்பது பழைய பட்டறைக்காரர் முறை. அளவு மிகுந்தால் அதுவே கேடாகும்.

கரும்புகை வளி போதாமையைக் காட்டும். வளி நுழையும் வாயில் ஒரு துணி சிக்கியிருக்கலாம். வடிகட்டியில் தூசு படிந்திருக்கலாம்.

உடனே பலன் வேண்டுமென்று ஈதர் கலந்த தெளிப்பானை வளிவாயில் அடிப்போர் உளர். ஈதர் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து முசலத்தைத் தாக்கும். சூடேற்றி எரியும் வேளையில் அடித்தால் வெளியிலேயே தீப்பற்றும். கரைக்கு வெகு தொலைவில் இத்தகைய குறுக்குவழி உகந்ததன்று.

பின்வழியாக வரும் கடல்

இனி, அவசரத்தின் பெருங்கேட்டைச் சொல்லல் வேண்டும். இது பாய்ப்படகுக்கே உரிய ஓர் ஆபத்து. தரையில் மோட்டார்வண்டி ஓட்டிப் பழகியவர்க்குத் தெரியாதது.

படகின் இயந்திரம் கடல்நீராற் குளிர்கின்றது. பம்பியொன்று கடலிலிருந்து நீரை இழுத்து இயந்திரத்தின் வழியே செலுத்த, அந்நீர் இறுதியில் புகைக்குழாயிற் கலந்து வெளியேறுகின்றது. பாய்ப்படகின் இயந்திரம் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், புகையும் நீரும் முதலில் ஒரு கலத்தினுள் இறங்கும். ஓடும் இயந்திரத்தின் புகை வேகமாக வந்து அந்நீரை மேலே தூக்கிக் கடலில் எறியும்.

இயந்திரம் ஓடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழலும்போது நடப்பதை எண்ணிப் பார்க்க. பம்பி சுழல்கின்றது, நீர் வந்துகொண்டே இருக்கின்றது. அதனைத் தூக்கி எறியப் புகை இல்லை. கலம் நிறைகின்றது. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தால், நீர் கலத்தைக் கடந்து, குழாய் வழியே பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் வால்வின் ஊடாக உருளைக்குள் இறங்கும். வளி சுருங்கும், நீர் சுருங்காது. மேலேறி வரும் முசலம் நீரில் இடித்து நிற்கும். முன்னர்க் கூறிய "தொம்" என்னும் ஒலி இதுவே. அதையும் மீறி வலிந்து சுழற்றினால் முசலத்தைத் தாங்கும் இரும்புத்தண்டு வளையும்.

ஐந்து நிமிடத்தில் நீக்கத்தக்க ஒரு குமிழிக்காக ஓர் இயந்திரமே பலியாகும் விதம் இதுதான். குமிழியால் இயந்திரம் அழியாது. திறப்பைத் திருப்பும் கையாலே அது அழிகின்றது.

தவிர்க்கும் முறையோ மிக எளிது. இரண்டு மூன்று முயற்சிகளில் இயந்திரம் தொடங்காவிடில், கடல்நீர் அடைப்பானை மூடிவிட்டுப் பின்னரே முயலல் வேண்டும். கலத்தின் அடியிலுள்ள திருகாணியைத் திறந்து நீரை வடித்தலும் நன்று. இயந்திரம் ஓடத் தொடங்கிய அக்கணமே அடைப்பானைத் திறக்க வேண்டும். மறந்தால் பம்பியினுள் உள்ள றப்பர்ச் சில்லு நீரின்றி உராய்ந்து விரைவில் கருகும். இதற்காகவே மாலுமிகள் பலர், மூடிய அடைப்பானின் கைப்பிடியில் இயந்திரத்தின் திறப்பைத் தொங்கவிடுவர். திறப்பை எடுக்கச் செல்பவன் அடைப்பானைக் காணாமல் இருக்க முடியாதன்றோ?

நீர் புகுந்தே விட்டதாயின் மனந்தளர வேண்டியதில்லை, ஆனால் தாமதிக்கலாகாது. நொசில்களைக் கழற்றி, இயந்திரத்தைக் கையாலோ ஸ்டார்ட்டராலோ சுழற்றினால் நீர் துளைகள் வழியே பீறிட்டு வெளியேறும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனுள்ளும் நீர் கலந்துள்ளது. அதனை வடித்துப் புதிய எண்ணெய் விட்டு, சிறிது ஓடவிட்டு, மீண்டும் மாற்ற வேண்டும். வெண்மை மாறும்வரை இதனைச் செய்தல் வேண்டும். உப்புநீர் ஓரிரவு தங்கினாலும் உருளையின் வழவழப்பான சுவர் துருப்பிடிக்கத் தொடங்கும். அன்றே செய்தால் இயந்திரம் பிழைக்கும்.

சிறு பழக்கங்கள்

இத்தொல்லைகளிற் பெரும்பாலானவை துறையில் நிற்கும்போதே தவிர்க்கத்தக்கவை. தாங்கியை நிறைத்து வைத்தால் ஈரவளிக்கு இடமிராது. முதல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் நீர் தேங்கியுள்ளதா என்று அடிக்கடி பார்த்து வடிக்கலாம். மாற்று வடிகட்டிகள் இரண்டும் ஒரு றப்பர்ச் சில்லும் எப்போதும் படகில் இருத்தல் வேண்டும். இயந்திரம் தொடங்குவதற்கென ஒரு பற்றறியைத் தனியே ஒதுக்கி, விளக்குக்கும் வானொலிக்கும் வேறொன்றைப் பயன்படுத்தினால், இரவு எரிந்த விளக்குக் காலையில் இயந்திரத்தை ஏமாற்றாது. அலைதாங்கியைக் கடப்பதற்கு அரைமணி முன்னரே, திறந்த கடலில், இயந்திரத்தைத் தொடக்கிப் பார்த்துவிடுதல் நல்ல வழக்கம். மறுப்பதாயின் அது அங்கேயே மறுக்கட்டும்.

குமிழியை வெளியேற்றும் முறையையும் நல்ல நாளொன்றில், நங்கூரத்தில் நிற்கும்போது, ஒருமுறை செய்து பழகியிருத்தல் வேண்டும். எந்தத் திருகாணி எங்குள்ளது, எந்த ஸ்பானர் எதற்குப் பொருந்தும் என்பதைக் கை அறிந்திருந்தால், இருளிலும் உருளும் படகிலும் அக்கை தடுமாறாது.

மீன்பிடி வள்ளத்தில் உள்ள இயந்திரமும், நெல்வயலில் நீரிறைக்கும் டீசல் இயந்திரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. வளி, எரிபொருள், வெப்பம் என்னும் மூன்று கேள்விகள் அவற்றுக்கும் பொருந்தும். எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் ஆராய்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியபின் பலனைக் கவனித்தல் என்னும் ஒழுங்கு எல்லா இயந்திரங்களுக்கும் உரியது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிய ஒருவன், எதனால் நோய் தீர்ந்தது என்பதை ஒருபோதும் அறியான். அடுத்தமுறை மீண்டும் அகரத்திலிருந்தே தொடங்குவான்.

காற்று விழுந்த மாலையில், துறைவாயிலுக்கு வெளியே, நங்கூரத்தில் நிற்கும் படகொன்றில், இயந்திரப் பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்திருப்பவன் இதனை நினைவிற் கொள்ளட்டும். தொடங்குவதற்கு நான்கு ஆண்டு எடுத்துக்கொண்ட ஓர் இயந்திரத்தின் வழிவந்தது அவன் முன்னே இருப்பது. அதற்குக் கால் மணிநேரம் கொடுத்தல் பெரிய காரியமன்று.